சுவர் ஏன் வெளுக்கிறது? ஒக்கலிபுரத்தை முன்வைத்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

பெங்களூரு நகர ரயில் நிலையத்தை அடுத்துள்ள ஒக்கலிபுரம், தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் நெருக்கமான குடியிருப்புப் பகுதி. ஐப்பசி மழை ஓய்ந்தபின் இத்தகைய பகுதியின் தெருக்களில் நடப்பவர், ஒரே வீட்டில் நான்கு நிறங்களைக் காணலாம். மேற்குச் சுவர் வெளிறியிருக்கும். வடக்குச் சுவரில் மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து கரிய கோடுகள் இறங்கியிருக்கும். தரையை ஒட்டிய ஓரடி உயரத்துக்குச் செம்மண் கறையும், அதனூடே வெள்ளை உப்பும் தென்படும். சன்ஷேடுக்கு அடியில், வெயிலும் மழையும் எட்டாத இடத்தில் மட்டும் பூசிய நாளின் நிறம் எஞ்சியிருக்கும். நான்கும் ஒரே வாளியிலிருந்து, ஒரே வாரத்தில் பூசப்பட்டவை.

இவை அனைத்தையும் ‘பெயிண்ட் போய்விட்டது’ என்ற ஒரே தொடரால் குறிப்பது இன்றைய வழக்கம். ஆனால் தமிழில் இதற்கெனத் தனித்தனி வினைகள் உள்ளன: வெளுத்தல், பழுப்பேறுதல், கறுத்தல், பாசி பிடித்தல், உப்புப் பூத்தல், பொரிதல், உரிதல். இவற்றை ஒருபொருட் பன்மொழியாகக் கொள்வது தவறு. ஒவ்வொரு வினைக்கும் பின்னால் வேறொரு காரணம் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, அவற்றுள் பல வெவ்வேறு காலகட்டத்தில் சுவருக்கு வந்துசேர்ந்த பூச்சுகளின் இயல்பைச் சார்ந்தவை. எந்தப் பூச்சு எப்போது வந்தது என்பதை அறியாமல், சுவர் ஏன் நிறம் மாறுகிறது என்பதை விளக்க இயலாது.

முதலில் சுண்ணாம்பு. வடமொழிச் சூர்ணம் என்பதோடு தொடர்புடைய ‘சுண்ணம்’ என்ற சொல்லுக்குப் பழந்தமிழ் வழக்கில் பொடி என்பதே பொருள். மணப்பொடியை அது குறித்தது. மாணிக்கவாசகரின் ‘திருப்பொற்சுண்ணம்’ என்னும் பதிகத் தலைப்பில் உள்ளது அந்தப் பொருளே. பின்னர் அச்சொல் சுட்ட கல்லின் பொடிக்கும் கிளிஞ்சலின் பொடிக்கும் உரியதாயிற்று. கன்னடத்தில் ‘சுண்ண’ என வழங்கும் இது, ஆங்கிலத்துக்குள் ‘சுனம்’ எனப் புகுந்து, 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் பதிவாகியிருக்கிறது. சென்னையின் கிளிஞ்சல் சுண்ணாம்புச் சாந்து, பளிங்கென மயங்கும்படி மெருகேற்றப்பட்டதை ஐரோப்பியப் பயணிகள் வியந்து எழுதியுள்ளனர்.

சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். நீரூற்றி நீற்றினால் அது நீற்றுச் சுண்ணாம்பாகும். சுவரில் பூசியபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லாக மாறும். கல்லாக மாறும் வரை அதன் காரத்தன்மை மிகக் கடுமையானது. பிஎச் அளவு 12க்கு மேல் இருக்கும். பாசியும் பூஞ்சையும் அதில் வாழ முடியாது. மாறி முடிந்தபின் அந்தக் காரம் தணிகிறது. மழைநீரும் மேற்பரப்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. அடுத்த மழைக்காலத்துக்குள் சுவர் பாசி ஏற்கத் தொடங்கிவிடும்.

ஆகவே ஆண்டுக்கொரு முறை வெள்ளையடிப்பது வெறும் சடங்காக இருந்ததில்லை. தமிழ் வீடுகளில் பொங்கலுக்கு முன்னும், கன்னட வீடுகளில் யுகாதிக்கு முன்னும் சுவருக்குப் புதிய காரம் ஏற்றப்பட்டது. கரைந்துபோவதற்காகவே பூசப்பட்ட பூச்சு அது. கரைவது குற்றமாகக் கருதப்படவில்லை; அதற்குரிய நாள் நாட்காட்டியில் முன்பே குறிக்கப்பட்டிருந்தது.

இக்காரம் வண்ணங்களின் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்தியது. மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கும் என்பதை ஆரத்தி கரைக்கும் எவரும் அறிவர். கன்னட நாட்டுத் திருவிழாக்களில் தெளிக்கப்படும் ‘ஓகுளி’ நீரும் இதே முறையில் சிவப்பது. (ஒக்கலிபுரம் என்ற பெயரை இச்சொல்லோடு இணைக்கத் தோன்றலாம், ஒலியொப்புமை ஒன்றே சொற்பிறப்புக்குச் சான்றாகாது.) மஞ்சளின் நிறப்பொருள் காரத்தில் தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது, வெயிலில் சிதைந்தும் போகிறது. தாவரச் சாயங்கள் பலவற்றின் நிலை இதுவே. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் உருவான பிரஷ்ய நீலமும் காரத்தில் சிதைவதால் சுண்ணாம்புச் சுவருக்கு உதவாது. சுண்ணாம்போடு வாழக்கூடியவை மிகச் சிலவே: செங்காவி, மஞ்சள் காவி, கரி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் செயற்கையாகச் செய்யப்பட்டு மலிவாகக் கிடைத்த அல்ட்ராமரீன் நீலம். துணிக்கும் சுவருக்கும் பொதுவாக வழங்கிய ‘நீலம்’ இதுதான். கோயில் மதில்களின் வெள்ளை–காவிப் பட்டைகளுக்குச் சமயப் பொருள் உண்டு. அவற்றுக்கு ஒரு வேதியியல் பொருத்தமும் உண்டு. காவி என்பது இரும்பு ஆக்சைடு. ஏற்கெனவே துருவாக இருப்பதை வெயிலும் காற்றும் மேலும் துருப்பிடிக்க வைக்க முடியாது.

பெங்களூருவில் இந்தச் செந்நிறத்துக்குத் தனி வரலாறு உண்டு. 1809இல் ஆங்கிலேயர் இங்கே தண்டுப் பகுதியை நிறுவியபின், சென்னை மாகாணத்திலிருந்து படைகளோடு தமிழ்க் கொத்தனார்களும் ஒப்பந்தக்காரர்களும் வணிகர்களும் வந்து குடியேறினர். பதினெட்டு அலுவலகங்களுக்காக எழுப்பப்பட்டு 1868இல் நிறைவுற்ற ‘அட்டாரா கச்சேரி’, இன்று கர்நாடக உயர்நீதிமன்றமாக விளங்கும் கட்டடம், ஆற்காடு நாராயணசாமி முதலியாரின் ஒப்பந்தத்தில் கட்டப்பட்டது. அதுவும், கப்பன் பூங்காவைச் சார்ந்த அருங்காட்சியகமும், திவான் சேஷாத்ரி ஐயரின் நினைவாக 1915இல் எழுந்த நூலகக் கட்டடமும் செந்நிறம் பூண்டவை. செம்மண் நாட்டில் செம்மண் தெறித்தாலும் தெரியாத நிறம் என்ற நடைமுறைப் பயனும் அதற்கு உண்டு.

வெண்மைக்கோ வேறொரு திருப்பம் நேர்ந்தது. 1898 ஆகஸ்டில் பிளேக் நோய் ஹூப்ளியிலிருந்து ரயில் வழியாகப் பெங்களூருவை அடைந்தது. நோய்த்தடுப்புக்காக அக்காலத்தில் இந்திய நகரங்களில் அதிகாரிகள் மேற்கொண்ட நடவடிக்கைகளுள் வீடுகளுக்குச் சுண்ணாம்படித்தலும் ஒன்று. பண்டிகைக்கான வெள்ளை, சுகாதாரத்துக்கான வெள்ளையாயிற்று. கறுத்த சுவர் என்பது சோம்பலின் அடையாளமாக மட்டுமன்றி, ஐயத்துக்குரிய வீட்டின் அடையாளமாகவும் பார்க்கப்படத் தொடங்கியது. இன்றும் சுவரின் கறையைக் கண்டு வீட்டுக்காரர் கொள்ளும் கூச்சத்தில் இந்த வரலாற்றின் எச்சம் இருக்கக்கூடும்.

இரண்டாவதாக வந்தது எண்ணெய்ப் பூச்சு. கதவு, சன்னல், இரும்புக் கம்பி ஆகியவற்றுக்கு ஆளிவிதை எண்ணெயில் குழைத்த ஈய வெள்ளை பூசப்பட்டது. ‘பழுப்பேறுதல்’ என்னும் வினைக்கு இப்பூச்சு புதிய பயன்பாட்டைத் தந்தது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுக் கெட்டியாகும், கெட்டியாகும்போதே மஞ்சளிக்கும். வியப்பு என்னவெனில், இது வெயில் படாத இடத்தில்தான் மிகுதி. கதவின் வெளிப்புறத்தைவிட உட்புறம் விரைவில் பழுப்பேறுவது இதனால்தான். ஈய வெள்ளைக்கு மற்றொரு பகையும் உண்டு. சாக்கடையிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு பட்டால் அது கருநிற ஈய சல்பைடாக மாறும். துத்தநாக வெள்ளைக்கு இத்தொல்லை இல்லை. துத்தநாக சல்பைடும் வெண்மையே.

ஈயம் நிறத்தை மட்டும் கெடுக்கவில்லை. பூசியவரின் உடலையும் கெடுத்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1921இலேயே பூச்சு வேலையில் ஈய வெள்ளையைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியாவில் வீட்டுப் பூச்சுகளிலுள்ள ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படாமல் கட்டுப்படுத்தும் விதிகள் 2016இல்தான் வந்தன. இடைப்பட்ட 95 ஆண்டுகளில் பழைய கதவுகளைச் சுரண்டிய கைகளின் கணக்கு எந்தச் சுவரிலும் எழுதப்படவில்லை.

மூன்றாவது மாற்றம் சிமென்ட். இங்கிலாந்தில் 1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லண்டு சிமென்ட், இருபதாம் நூற்றாண்டில் சுண்ணாம்புச் சாந்தின் இடத்தை மெல்லக் கைப்பற்றியது. சிமென்ட் சுவருக்கு ‘ஸ்நோசெம்’ என்ற வணிகப் பெயராலேயே மக்கள் அழைத்த சிமென்ட் பெயிண்ட் வந்தது. நீரில் கரைத்துப் பூசி, பூசியபின் நீர் தெளித்து இறுகவிடும் பூச்சு அது. சுண்ணாம்பைவிட நெடுநாள் நின்றது. ஆண்டுதோறும் அடிக்கவேண்டிய தேவை குறைந்தது.

அத்தோடு ‘உப்புப் பூத்தல்’ பரவலாயிற்று. சிமென்டிலும் செங்கலிலும் நிலத்தடி ஈரத்திலும் கரைந்துள்ள உப்புகள் நீரோடு சுவரின் முகத்துக்கு வருகின்றன. நீர் ஆவியாக, உப்பு படிகமாகிறது. மேற்பரப்பில் படிகமானால் வெள்ளைப் பூப்போல் தெரியும். பூச்சுக்குப் பின்னால் படிகமானால் பூச்சையே தள்ளி உதிர்த்துவிடும். ஓதம் ஏறும் அடிச்சுவரில் எத்தனை முறை பூசினாலும் நிற்காததற்குக் காரணம் பூச்சின் தரமன்று. நீர் வரும் வழி அடைபடாமையே.

ஆண்டுதோறும் ஏற்றப்பட்ட காரம் நின்றதும் பாசியும் சுவரில் நிலைத்துக் குடியேறியது. கைப்பிடிச் சுவரிலிருந்து இறங்கும் கரிய கோடுகளைப் பலரும் புகை என்றும் அழுக்கு என்றும் கருதுகின்றனர். பெரும்பாலும் அவை உயிருள்ளவை: நீலப்பச்சைப் பாக்டீரியங்கள், பாசிகள், கிளாடோஸ்போரியம் போன்ற பூஞ்சைகள். மழையில் பச்சையாகத் தழைத்துக் கோடையில் கறுத்துக் காய்வதால் கறைபோல் தோன்றுகின்றன. நீர் எங்கே வழிகிறதோ அங்கே மட்டும் அவை வளர்வதால், அக்கோடுகள் உண்மையில் மழைநீரின் பாதையைக் காட்டும் வரைபடம்.

இங்கே பெங்களூருவின் இடத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில், வட அட்சரேகை 13 பாகையை ஒட்டி இந்நகரம் உள்ளது. ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் புறஊதாக் கதிர்வீச்சு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும். ஆகவே குளிர்ந்த ஊர் என்பதால் இங்கே வெயில் மென்மையானது எனக் கொள்வது பிழை; தெளிந்த வானத்தின்கீழ் சென்னைச் சுவரைவிடப் பெங்களூருச் சுவர் அதிகப் புறஊதாவை ஏற்கிறது. அதே வேளையில் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் இவ்வூரை நனைக்கின்றன. மிதமான வெப்பத்தில் சுவர் மெதுவாகவே காய்கிறது. ஏப்ரல் இறுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை மட்டுமே நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே செல்கிறது. அந்நாள்களில் பெரும்பகுதி மேகமூட்டம். ஆகவே தெற்கும் மேற்கும் நோக்கிய சுவர்கள் வெளுக்கின்றன. வடக்குச் சுவர் பாசி பிடிக்கிறது. முதலில் கூறிய ஒரே வீட்டின் பல நிறங்களுக்கு விளக்கம் இதுவே.

நான்காவது மாற்றத்தின் வேர் தமிழ்நாட்டின் தென்கோடியில் இருக்கிறது. 1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் கனிமத்தைக் கண்டறிந்தார். மணவாளக்குறிச்சிக் கடற்கரை உலகின் கவனத்துக்கு வந்தது அவ்வாறே. அதே மணலில் மிகுதியாக இருந்த கருநிறக் கனிமம் இல்மனைட். முதல் உலகப்போர்க் காலத்தில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெண்ணிறமி தயாரிக்கப்பட்டது. ஈயத்தின் நஞ்சு இல்லை. சாக்கடை வாயுவில் கறுப்பதில்லை. மறைக்கும் திறனோ அதைவிட மிகுதி. 1930களில் உலக இல்மனைட் வணிகத்தில் திருவிதாங்கூர் முதன்மை பெற்றது. 1946இல் திருவனந்தபுரத்தில் டிராவன்கூர் டைட்டானியம் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1956இல் மொழிவழி மாநிலச் சீரமைப்பில் மணவாளக்குறிச்சி தமிழ்நாட்டோடு இணைந்தது.

இவ்வெண்மைக்குள் ஒரு முரண் ஒளிந்திருந்தது. டைட்டானியம் டை ஆக்சைடு இரு படிக வடிவங்களில் பூச்சுக்கு வருகிறது: அனடேஸ், ரூட்டைல். இரண்டும் வெண்மையே, இரண்டும் புறஊதாவை விழுங்குபவையே. ஆனால் விழுங்கிய ஆற்றலை அனடேஸ் தன் மேற்பரப்பில் நீரோடும் ஆக்சிஜனோடும் வினைபுரியச் செலவிடுகிறது. அதில் பிறக்கும் வீரியமிக்க துகள்கள், நிறமியைச் சுவரோடு பிணைத்திருக்கும் பசையையே எரிக்கின்றன. பசை அழிந்ததும் நிறமி பொடியாக நிற்கிறது. சுவரில் கைவைத்தால் வெள்ளையாக ஒட்டிக்கொள்கிறது. டைட்டானியம் டை ஆக்சைடின் இந்த ஒளிவினையூக்கப் பண்பு 1972இல் ஜப்பானிய அறிஞர்கள் அகிரா புஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும் வெளியிட்ட ஆய்வால் உலகப்புகழ் பெற்றது. ரூட்டைல் வடிவத்தில், அதிலும் சிலிக்கா, அலுமினா போர்த்திய துகள்களில், இக்குணம் பெரிதும் அடங்கியிருக்கும். வெளிச்சுவருக்கு ரூட்டைல், உட்சுவருக்கு அனடேஸ் என்பது தொழில்விதி. திருவனந்தபுரம் ஆலை அனடேஸையும், கொல்லம் மாவட்டத்துச் சவறா ஆலை ரூட்டைலையும் தயாரிப்பவை.

‘சுண்ணம்’ என்ற சொல்லின் முதற்பொருள் பொடி என்பதை இங்கே நினைவுகூரலாம். பொடியாக உதிரும் சுவரைக் கண்டு ‘சுண்ணாம்பாய் வருகிறது’ என்று சொல்பவர், அதில் சுண்ணாம்பு சிறிதும் இல்லாதபோதும், சொல்லின் பழம்பொருளைச் சரியாகவே பயன்படுத்துகிறார்.

1953இல் அமெரிக்காவில் சந்தைக்கு வந்த அக்ரிலிக் குழம்பு, 1990களுக்குப் பின் இந்திய வெளிச்சுவர்களில் பரவலாயிற்று. காவி, நீலம், வெள்ளை என நின்றிருந்த வீதி, ஷேட் கார்டின் பல நூறு நிறங்களைப் பெற்றது. ஒக்கலிபுரம் போன்ற பகுதிகளில் இரண்டு மீட்டர் அகல முகப்பு கொண்ட வீடும் தனக்கென ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அடைந்தது. அதைச் சிறுமையாகக் கருதுவதற்கில்லை. ஆனால் செங்காவிக்கு இருந்த உறுதி, பளிச்சென்ற மஞ்சளுக்கும் ஊதாவுக்கும் இளஞ்சிவப்புக்கும் இல்லை. இவற்றுள் பல கரிம நிறமிகள். ஒளியை விழுங்கும் மூலக்கூறுதான் நிறம் தருகிறது. விழுங்கிய ஒளியால் அதன் பிணைப்பே அறுபடுகிறது. வெள்ளையோடு மிகுதியாகக் கலந்து வெளிர்நிறமாக்கினால், ஒவ்வொரு துகளும் ஒளிக்குக் கூடுதலாக வெளிப்பட்டு இன்னும் விரைவில் மங்கும். புதிய சிமென்ட் பூச்சு காய்ந்து காரம் தணியுமுன் வண்ணமடித்தாலும் நிறம் திட்டுத்திட்டாக மாறும். ஆரத்தித் தட்டில் நிகழ்வதன் மற்றொரு வடிவம் அது.

இந்த வரலாற்றில் மிகுந்த இழப்பு நேர்வது பழைய வீடுகளுக்கே. சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவர் ஈரத்தை ஏற்று, மீண்டும் காற்றுக்கு விடும் இயல்புடையது. அதன்மேல் அக்ரிலிக் படலம் போர்த்தினால், தரையிலிருந்து ஏறும் ஓதமும் கூரையிலிருந்து இறங்கும் கசிவும் வெளியேற இடமின்றி உள்ளே தங்குகின்றன. முதலில் பூச்சு உப்பும், பிறகு பொரியும், இறுதியில் காரையோடு உரியும். வீட்டுக்காரர் இதைப் பூச்சின் குறையெனக் கருதி, மேலும் தடித்த, மேலும் நீர் புகாத ஒன்றைப் பூசுகிறார். நோய்க்கு மருந்தென நினைப்பது நோயை வளர்க்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் சுவரின் ஒரு பகுதி குப்பைக்குப் போகிறது. ‘பழைய வீடு, இனி நிற்காது, இடித்துவிடலாம்’ என்ற முடிவுக்கு இது நல்ல சாக்காகிவிடுகிறது. நிலமதிப்பு உயர்ந்த நகரத்தில், பிழையாகப் படிக்கப்பட்ட கறை ஒரு வீட்டின் ஆயுளையே முடித்துவிடலாம்.

ஆகவே ‘பழைய காலத்து வண்ணம் மங்கவே மங்காது’ என்ற கூற்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். பழைய சுவர் மங்காததுபோல் தோன்றியதற்கு இரு காரணங்கள். ஒன்று, காரத்தையும் வெயிலையும் தாங்கிய சில கனிம நிறங்கள் மட்டுமே அதில் இடம்பெற்றன. மற்றொன்று, மங்குமுன்னரே யாரோ ஒருவர் ஆண்டுதோறும் மட்டையும் வாளியுமாக அதைப் புதுப்பித்தார். அந்த மனிதரின் கூலியையும், சுண்ணாம்பு பட்டு வெந்த அவருடைய கைகளையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, மிஞ்சிய வெண்மையை மட்டும் ‘அக்காலத்துத் தரம்’ என நினைவில் வைத்திருக்கிறோம். புதிய பூச்சு அந்த ஆண்டுக்கூலியை நீக்கித் தருவதாக வாக்களித்தது. ஓரளவு நீக்கியும் தந்தது. ஆனால் நீரையும் ஒளியையும் உயிரையும் அதனால் நீக்க இயலவில்லை.

சுவரைப் படிக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. கையில் வெண்பொடி ஒட்டினால் பசை அழிந்திருக்கிறது. பொடி ஒட்டாமல் நிறம் மட்டும் வெளிறியிருந்தால் நிறமி சிதைந்திருக்கிறது. அடிச்சுவரில் வெள்ளை பூத்தால் நீர் ஏறுகிறது. மேலிருந்து கறுப்பு இறங்கினால், நீர் சுவரைத் தொடாமல் சொட்டி விழ வழியில்லை. இவற்றுள் முதலிரண்டுக்கு மட்டுமே புதிய பூச்சு மருந்தாகும்; மற்ற இரண்டுக்கும் கொத்தனார்தான் முதலில் வரவேண்டும். ‘பெயிண்ட் போய்விட்டது’ என்ற ஒற்றைத் தொடரை விடுத்து, முன்னோர் பயன்படுத்திய வினைகளைப் பிரித்துப் பயன்படுத்தினாலே, எந்தச் சுவருக்கு யாரை அழைப்பது என்பதில் பாதித் தெளிவு பிறந்துவிடும்.